நொய்யல் கரையில் நான்கு நாட்கள்

முதல் நாள்: அவினாசி, பெருமாநல்லூர் (29 ஆகஸ்ட் 2025, வெள்ளி)

மன்னார்குடிக்குப் பக்கத்தில், ஆற்றுப் பாசன ஊரில் வளர்ந்தவன் நான். மேட்டூர் திறந்தாயிற்றா, தண்ணீர் கல்லணைக்கு வந்ததா என்ற இரண்டு கேள்விகளில் எங்கள் ஊரின் ஆண்டுக் கணக்கு அடங்கிவிடும். திருப்பூரைச் சுற்றியுள்ள விவசாய ஊர்கள் இந்த ஐம்பது ஆண்டுகளில் எப்படிப் பிழைத்தன, பனியன் தொழில் அவற்றுக்கு எதைக் கொடுத்து எதை எடுத்துக்கொண்டது என்பதை நேரில் பார்க்க வேண்டும் என்று வெகுநாளாக எண்ணியிருந்தேன். கல்லூரி நண்பர் ஒருவரின் சித்தப்பாவுக்கு அவினாசிக்கு வடக்கே தோட்டம் இருக்கிறது. முதல் இரவு அவருடைய தோட்டத்து வீடான சாளையில் தங்கினேன்.

இங்கே நிலத்துக்கு இரண்டு பெயர்கள் உண்டு. கிணறு இருந்தால் தோட்டம். மழையை நம்பியிருந்தால் காடு. சித்தப்பாவின் கிணறு பாறையைக் குடைந்து இறக்கியது. அவருடைய தாத்தா காலத்தில் மாடு கட்டிக் கவலை ஓட்டித் தண்ணீர் இறைத்தார்கள், அப்பா காலத்தில் ஆயில் இன்ஜின் வந்தது, பிறகு மின்மோட்டார் வந்தது, இப்போது கிணற்றுக்குள்ளேயே ஆழ்துளை போட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு தலைமுறையும் தண்ணீரைத் துரத்திக்கொண்டு கீழே இறங்கியிருக்கிறது. கிணற்றுக்குச் செலவழித்த பணத்தை மீட்கப் பருத்தியும் புகையிலையும் போட்டதாகவும், அதில் மிஞ்சியதை மாமன், மச்சான், பங்காளி என்று நான்கைந்து பேர் சேர்ந்து எழுபதுகளில் ஒரு பனியன் கம்பெனியில் போட்டதாகவும் அவர் சொன்னார். திருப்பூரின் முதலீட்டில் ஒரு பங்கு இப்படிக் கிணற்றடியிலிருந்து போனது என்பதை நான் அதுவரை இவ்வளவு தெளிவாக உணர்ந்ததில்லை.

பெருமாநல்லூரில் உழவர் தியாகிகளின் நினைவிடத்தில் சற்று நேரம் நின்றேன். 1970 ஜூன் 19 அன்று, விவசாய மின் கட்டண உயர்வை எதிர்த்துத் திரண்டவர்கள்மீது காவல்துறை சுட்டதில் மூன்று உழவர்கள் இங்கே இறந்தார்கள். யூனிட்டுக்குச் சில பைசா உயர்வுக்காக உயிரைக் கொடுப்பார்களா என்று வாய்க்கால் தண்ணீரில் பயிர் செய்கிறவர்களுக்குத் தோன்றலாம். நூறடிக் கிணற்றிலிருந்து ஒவ்வொரு குடம் தண்ணீரையும் விலை கொடுத்து ஏற்றுகிற ஊரில் அந்தப் பைசாதான் லாபமும் நட்டமும். நாராயணசாமி நாயுடு தலைமையில் வளர்ந்த விவசாயிகள் சங்கப் போராட்டங்கள் இந்தப் புழுதியிலிருந்து எழுந்தவை. எல்லா விவசாயிகளுக்கும் இலவச மின்சாரம் கிடைக்க 1990 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

தொழில் வளர்ந்தபோது தண்ணீரே ஒரு விளைபொருளாக மாறிய கதையையும் இரவில் கேட்டேன். சாயப்பட்டறைகளுக்கு நல்ல தண்ணீர் வேண்டும்; அவினாசி, பல்லடம் பக்கத்துத் தோட்டங்களில் நல்ல தண்ணீர் இருந்தது. லாரிகள் வரிசையாக வந்து கிணற்றில் குழாய் இறக்கின. வெள்ளாமை பார்ப்பதைவிடத் தண்ணீர் விற்பது லாபமாக இருந்த ஆண்டுகள் உண்டு என்றும், விற்றவரின் கிணறு வற்றும்போது விற்காத பக்கத்துத் தோட்டத்துக்காரரின் கிணறும் சேர்ந்து வற்றியது என்றும் சித்தப்பா வருத்தத்தோடு சொன்னார். பவானி ஆற்று நீரைக் குழாய் வழியே திருப்பூருக்குக் கொண்டுவந்த திட்டம் இந்த நூற்றாண்டின் முதல் பத்தாண்டுகளில் செயலுக்கு வந்த பிறகுதான் லாரிகள் குறைந்தன.

ஆறு பத்தாண்டுகளாகக் கேட்ட அத்திக்கடவு–அவினாசித் திட்டம் 2024 ஆகஸ்ட் 17 அன்று தொடங்கிவைக்கப்பட்டது. பவானியின் உபரி நீரில் ஒன்றரை டி.எம்.சி.யைக் காளிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழிருந்து எடுத்து, ஆறு நீரேற்று நிலையங்கள் வழியாக மேட்டுக்கு ஏற்றி, 1,045 ஏரி குளம் குட்டைகளில் விடுவதே திட்டம். செலவு 1,916 கோடி ரூபாய். இதில் வாய்க்கால் பாசனம் கிடையாது. குட்டையில் நிற்கும் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கிச் சுற்றுக் கிணறுகளில் ஊற வேண்டும். சாளைக்குப் பின்னால் இருந்த சிறிய குட்டையின் கரையில் சித்தப்பா என்னை நிறுத்தி, தண்ணீருக்குள் நின்ற வேலமரத்தின் அடியில் ஈரம் ஏறியிருந்த உயரத்தைக் கையால் தொட்டுக் காட்டினார். பேரக் குழந்தையின் உயரத்தைச் சுவரில் கோடு போட்டுக் காட்டுகிறவரின் முகம் அப்போது அவருக்கு இருந்தது.

அவருடைய மருமகள் ஒரு ஏற்றுமதி கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருக்கிறார். இந்தியப் பொருட்கள்மீது அமெரிக்கா விதித்த ஐம்பது சதவீத வரி புதன்கிழமைதான் நடைமுறைக்கு வந்தது. ஒன்றரை ஷிப்ட் ஓடிக்கொண்டிருந்த வேலை ஒரு ஷிப்டாகும் என்று லைனில் பேசிக்கொள்கிறார்கள் என்றார். கிணறும் வாஷிங்டனும் ஒரே சாப்பாட்டு இலையில் பேச்சாக வந்தது எனக்குப் புதிது, அவர்களுக்குப் பழகியிருந்தது.

இரண்டாம் நாள்: கொடுமணல், ஒரத்துப்பாளையம் (30 ஆகஸ்ட், சனி)

விடியலில் திருப்பூரைக் கடந்து, ஊத்துக்குளி வழியாக நொய்யலின் வடகரைக்குப் போனேன். வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவையையும் திருப்பூரையும் கடந்து, கரூர் மாவட்டத்தில் காவிரியில் சேரும் ஆறு இது. கரையிலுள்ள கொடுமணலில் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1985-இல் தொடங்கிய அகழாய்வுகளும் அடுத்தடுத்து வந்தவையும் இரும்பு உருக்கிய உலைகளையும், மணிக்கற்கள் அறுத்துத் துளையிட்ட பட்டறைகளையும் வெளிக்கொண்டுவந்தன. பதிற்றுப்பத்து இவ்வூரைக் கொடுமணம் என்று சொல்லி, இங்கிருந்து வந்த அணிகலன்களைப் புகழ்கிறது. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இந்தக் கரையில் பட்டறையும் பட்டியும் அடுத்தடுத்து இருந்திருக்கின்றன. இப்போது அங்கே சோளத்தட்டு காய்ந்துகொண்டிருந்தது, நான்கு வெள்ளாடுகள் மேய்ந்துகொண்டிருந்தன.

அங்கிருந்து ஒரத்துப்பாளையம் அணை பக்கம்தான். இந்தப் பயணத்தை நான் தொடங்கியதே இதைப் பார்ப்பதற்காக.

1992-இல் கட்டி முடித்த அணை இது. வெள்ள நீரைத் தேக்கி, அன்றைய பெரியார் மாவட்டத்துக்கும் (பின்னாளில் ஈரோடு மாவட்டம்) கரூர்ப் பகுதிக்கும் பல ஆயிரம் ஏக்கர் பாசனம் தருவது நோக்கம். சரியாக அதே ஆண்டுகளில் திருப்பூரின் ஏற்றுமதி பல மடங்கு பெருகியது. பருத்தித் துணியில் சாயம் பிடிக்க உப்பு வேண்டும். சாயத் தொட்டியில் கொட்டும் உப்பில் சாயத்தோடு துணியில் தங்குவது ஒன்றுமில்லை. அத்தனையும் கழிவு நீரோடு வெளியே வந்துவிடும். தொண்ணூறுகளின் இறுதியில் அமைத்த பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் நிறத்தை ஓரளவு எடுத்தன, சேற்றைப் படியவைத்தன, கரைந்த உப்பை அப்படியே ஆற்றில் விட்டன. ஆறு அதை அணைக்குக் கொண்டுவந்தது. அணை அதைத் தேக்கியது. தேக்கம் மண்ணில் இறங்கிச் சுற்றுக் கிணறுகள் அத்தனையிலும் ஊறியது. பாசனத்துக்காகக் கட்டிய அணை, தன் ஆயக்கட்டின் கிணறுகளைக் கெடுக்கும் தொட்டியாக மாறியதைப்போல ஒரு கொடுமையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

அணைக்குக் கீழே ஒரு தோட்டத்தில், எழுபதைத் தாண்டிய பெரியவர் ஒருவர் கயிற்றுக் கட்டிலை நிழலுக்கு இழுத்துப் போட்டு என்னை உட்காரச் சொன்னார். “அணை கட்டுனப்ப, தண்ணி நிக்கோணும்னு கும்பிட்டோமுங்க. அஞ்சாறு வருசத்துல, தண்ணியத் தேக்காதீங்கன்னு கும்பிட்டோமுங்க” என்றார். நுரை மதகுக்கு மேலே எழும்பிக் காற்றில் பறந்து வந்து சோளப் பயிரில் படிந்த நாட்களை அவர் மறக்கவில்லை. தென்னையில் இளநீர் உப்புக் கரித்தது. சினை மாடுகள் அந்தத் தண்ணீரைக் குடித்துக் கன்று தங்காமல் போயின. நெல், மஞ்சள், வாழை எல்லாம் ஒவ்வொன்றாக விடைபெற்றன என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனார்.

இப்போது நிலைமை முன்பைவிட மேல் என்பதையும் அவரே ஒப்புக்கொண்டார். ஆனால் கிணற்றைக் காட்ட அழைத்துப் போனபோது, படிக்கல்லில் தண்ணீர் இறங்கிய மட்டத்தில் கோலப்பொடி போட்டதுபோல் வெள்ளை வரி ஒன்று ஓடியிருந்தது. வரப்போரத்தில் கிடந்த சொட்டுநீர்க் குழாயை எடுத்து, ஊசியால் ஒரு துளையைக் குத்திக் காட்டினார். கல்லாக இறுகிய உப்பு ஒரு பருக்கையாக உதிர்ந்து அவர் உள்ளங்கையில் விழுந்தது. வாரத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு துளையையும் இப்படிக் குத்திவிட வேண்டும். தென்னைக்கு அடியில் போட்ட குழாயில் எத்தனை துளை என்று எண்ணத் தொடங்கி, நாற்பதுக்கு மேல் நிறுத்திவிட்டேன்.

இந்த ஊர்க்காரர்கள் வெறுமனே அழுதுகொண்டிருக்கவில்லை என்பதைப் பதிவு செய்ய விரும்புகிறேன். நொய்யல் ஆற்று ஆயக்கட்டு விவசாயிகளின் சங்கம் 2003-இல் சென்னை உயர்நீதிமன்றத்துக்குப் போனது. 2006-இல் தீர்ப்பு வந்தது. தொழில்துறையினரின் மேல்முறையீட்டில் 2009-இல் உச்சநீதிமன்றமும் விவசாயிகளின் பக்கமே நின்றது. அதன் பிறகும் கழிவு நிற்காததால், 2011 ஜனவரி 28 அன்று திருப்பூரின் எழுநூற்றுக்கும் மேற்பட்ட சாய, சலவைப் பட்டறைகளை மூட உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. ஒரு சொட்டுக் கழிவும் ஆற்றுக்குப் போகக்கூடாது என்ற விதிக்கு உட்பட்டுத்தான் அவை திரும்பத் திறந்தன. இன்று 18 பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் கழிவு நீரைச் சவ்வு வழியே வடிகட்டி, மிச்சத்தைக் கொதிக்கவைத்து உப்பைப் பிரித்து, அதே உப்பையும் தண்ணீரையும் திரும்பச் சாயத்துக்குப் பயன்படுத்துகிறார்கள். செலவு மிகுந்த இந்த முறையை இத்தனை பெரிய அளவில் ஒரு தொழில்நகரம் ஏற்றது பாராட்டத்தக்கது. அதற்கு அவர்களைக் கொண்டுவந்து நிறுத்தியவர்கள் கோவணத் துண்டு நிலம் வைத்திருந்த கடைமடை விவசாயிகள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பெரியவரின் பேரன் இப்போது அப்படி ஒரு சுத்திகரிப்பு நிலையத்தில்தான் ஆபரேட்டராக இருக்கிறான்.

திரும்பும் வழியில், ஊருக்கு வெளியே இருந்த காலனியின் வேப்பமரத்தடியில் தண்ணீருக்குக் காத்திருந்த ஓர் அம்மாளிடம் பேசினேன். பெரியவரின் தோட்டத்தில் பதினைந்து வயதிலிருந்து களை வெட்டியவர். வெள்ளாமை நின்றதும் அந்த வேலையும் நின்றது. “பட்டா இருந்தவங்களுக்குப் பணம் வந்துச்சுங்க, எங்களுக்கு வேன் வந்துச்சு” என்றார். ஆற்று மாசுக்கான இழப்பீட்டை நிலத்தின் ஏக்கரை வைத்துக் கணக்கிட்டார்கள். நிலமே இல்லாமல் நிலத்தை நம்பியிருந்தவர்களுக்கு அந்தக் கணக்கில் இடம் இல்லை. வேன் என்று அவர் சொன்னது, காலையில் பெண்களை ஏற்றிக்கொண்டு திருப்பூருக்குப் போகும் பனியன் கம்பெனி வேன். அவர் பத்து ஆண்டு பிசிறு வெட்டினார், இப்போது அவர் மகள் ஓவர்லாக் தைக்கிறாள். முதல் முறையாக வாரச் சம்பளத்தைத் தன் கையில், யார் தோட்டத்து வாசலிலும் நிற்காமல் வாங்கிய சனிக்கிழமையை அவர் மகிழ்ச்சியோடுதான் நினைவுகூர்ந்தார். அதைக் கேட்ட பிறகு, தொழில் கிராமத்தைக் கெடுத்தது என்றோ வாழவைத்தது என்றோ ஒரே வரியில் எழுத எனக்குக் கை வரவில்லை. சம்பளம் எல்லாத் திசை ஊர்களுக்கும் வேனில் போய்ச் சேர்ந்தது. உப்பு மட்டும் ஆற்றின் போக்கில் ஒரே திசையில், இவர்களுக்கு மட்டும் வந்தது.

மூன்றாம் நாள்: பழையகோட்டை, கொறங்காடு (31 ஆகஸ்ட், ஞாயிறு)

நத்தக்காடையூருக்கு அருகே பழையகோட்டையில் ஞாயிறுதோறும் மாட்டுத்தாவணி கூடுகிறது. காங்கேய இன மாடுகளுக்கென்றே நடக்கும் சந்தை இது. அதிகாலையிலேயே போய்விட்டேன்.

மாடுகளின் நிறங்களுக்கு இவர்கள் வைத்திருக்கும் பெயர்களே ஒரு பாடம்: மயிலை, காரி, செவலை, பிள்ளை. ஒரு மயிலைப் பசுவின் அருகில் செம்பழுப்பு நிறக் கன்று நின்றது. கலப்பினமோ என்று கேட்டேன். விற்க வந்தவர் கன்றின் காது மடலைத் திருப்பி, அடிமயிரில் சாம்பல் நிறம் ஊடுருவத் தொடங்கியிருப்பதைக் காட்டினார். காங்கேயக் கன்று பிறக்கும்போது சிவப்பு. சில மாதங்களில் நிறம் மாறும். வாங்க வந்தவர் பல்லைப் பார்த்தார், சுழி பார்த்தார், பின்னால் நின்று நடையைப் பார்த்தார். விலையை வாயால் சொல்லாமல் துண்டுக்கடியில் விரலைப் பிடித்துப் பேசி முடித்தார்கள்.

பால் கணக்கில் பார்த்தால் இந்தப் பசு கலப்பினப் பசுவுக்கு ஈடாகாது. உழவும் வண்டியும் கவலையும் இருந்த வரை காளைக்கு மதிப்பிருந்தது. டிராக்டர் வந்து அதை முடித்தது. 2017-இல் ஏறுதழுவலுக்கான சட்டத் திருத்தம் வந்த பிறகு வாங்குவோர் கூடினார்கள் என்று தரகர் ஒருவர் சொன்னார். குட்டப்பாளையத்தில் கார்த்திகேய சிவசேனாபதி நடத்தும் சேனாபதி காங்கேயம் கால்நடை ஆராய்ச்சி நிலையம் இந்த இனத்தைக் காப்பதற்குப் பல ஆண்டுகளாகப் பாடுபட்டு வருகிறது.

ஆனால் இந்த மாட்டைக் காப்பாற்றுவது எதுவென்று கேட்டால், வேலியடைத்த மேய்ச்சல் நிலமான கொறங்காட்டைத்தான் நான் சொல்வேன். சந்தையில் பழகிய ஒருவர் பிற்பகலில் தம் காட்டுக்கு அழைத்துப் போனார். சுற்றிலும் முள்கிளுவை வேலி. உள்ளே கொழுக்கட்டைப்புல், இடையிடையே வெள்வேல மரங்கள். ஏழெட்டு ஏக்கரை இரண்டு மூன்று அடைப்பாகப் பிரித்து, ஒன்றில் மேய்ந்து முடித்தால் அடுத்ததற்கு ஓட்டுகிறார்கள். வேலி இருப்பதால் மேய்ப்பதற்கு ஆள் வேண்டாம். காலையில் படலை, அதாவது வேலிக் கதவைத் திறந்து விட்டால் மாலையில் அடைக்கப் போனால் போதும். கோடையில் புல் தீர்ந்ததும் வெள்வேலங்காய் உதிர்ந்து ஆடுகளைக் காக்கும். கிணறும் மின்சாரமும் கேட்காமல், பாசன நிலமாக ஆக முடியாத சரளை மண்ணிலிருந்து வருமானம் எடுக்கும் இந்த ஏற்பாட்டைத் தலைமுறைகளாகச் செப்பம் செய்திருக்கிறார்கள். எங்கள் டெல்டாவில் வாய்க்கால் தண்ணீர் ஒரு மாதம் தாமதமானாலே கையைப் பிசைந்து நிற்கும் எங்களுக்கு இதிலிருந்து கற்றுக்கொள்ள நிறைய உண்டு.

இங்கேதான் இன்னொன்றும் எனக்கு விளங்கியது. காலையில் படலைத் திறந்துவிட்டு மாலையில் வந்து அடைக்கலாம் என்பதால், வீட்டில் மகனும் மருமகளும் கம்பெனிக்குப் போகவும் பண்ணையத்தைக் கைவிடாமல் இருக்கவும் முடிகிறது. மேய்ச்சல் காடு இல்லாத ஊரில் ஒரு குடும்பம் இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும்.

நான்காம் நாள்: காங்கேயம், வெள்ளகோவில், மூலனூர் (1 செப்டம்பர், திங்கள்)

பால் சங்கத்தில் ஆறு மணிக்கே கேன்கள் வரிசையில் நின்றன. ஊற்றிவிட்டு, ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, அதே தெருமுனையில் வேனுக்கு நின்ற மூன்று பெண்களைப் பார்த்தேன். பால் பணம் மாட்டுக்கும் தீவனத்துக்கும், கம்பெனிப் பணம் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்கு என்று ஒருவர் பிரித்துச் சொன்னார்.

காங்கேயத்தைச் சுற்றிச் சாலையின் இருபுறமும் தேங்காய்க் களங்கள். உடைத்த மூடிகளைத் தரையில் கவிழ்த்தும் நிமிர்த்தும் காயவைத்திருந்தார்கள். ஒரு மைலுக்கு முன்பே எண்ணெய் வாசனை வந்துவிட்டது. பரம்பிக்குளம்–ஆழியாறு பாசனம் பெறும் 3.77 லட்சம் ஏக்கரில் இந்தப் பகுதி கடைமடை. நான்கு மண்டலங்களுக்கு முறைவைத்து விடும் தண்ணீர் இங்கே வந்து சேர்வதற்குள் மெலிந்துவிடுகிறது. ஆனாலும் மழை மறைவான வெயிலும் காற்றும் கொப்பரை உலர்த்த ஏற்றவை என்பதால், மற்ற மாவட்டங்களில் விளையும் தேங்காயும் இங்கே வந்து எண்ணெயாகிறது. அரைவைக் கொப்பரைக்கு 2025-ஆம் ஆண்டுக்கென மத்திய அரசு குவிண்டாலுக்கு 11,582 ரூபாய் ஆதார விலை அறிவித்திருக்க, வெளிச்சந்தை விலை கிலோ 200 ரூபாயைத் தாண்டிவிட்டது. மகிழ வேண்டிய விலை. களத்துக்காரர் முகத்தில் மகிழ்ச்சி இல்லை: காய்ப்பு விழுந்ததால்தான் விலை ஏறியிருக்கிறது, வெள்ளை ஈயும் வறட்சியும் பிடித்த மரத்தில் விற்பதற்குக் காய் எங்கே என்றார்.

வெள்ளகோவிலில் விசைத்தறிச் சத்தத்தைக் கடந்து மூலனூருக்கு வந்தபோது காற்று என்னைத் தள்ளியது. பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் இந்தக் காற்றை நம்பித்தான் நூற்பாலைகள் இங்கே காற்றாலைகளை நிறுவின. மானாவாரிக் காட்டுக்கு முதன்முதலாக நல்ல விலை கிடைத்தது அப்போதுதான். இப்போது சூரிய மின் நிலையங்கள் வருகின்றன. காற்றாலைக்குக் கீழே ஆடு மேயலாம். சூரியத் தகடுகளுக்காக நிலத்தை மழித்துக் கம்பி வேலி போட்டுவிட்டால் அங்கே மேய்ச்சல் முடிந்தது. வறண்ட நிலத்தில் வேறென்ன விளையும் என்று கேட்டுப் புல்லைக் கணக்கில் சேர்க்காமல் விடுகிறவர்களிடம், நேற்று நான் பார்த்த கொறங்காட்டை ஒரு நாள் வந்து பாருங்கள் என்று சொல்லத் தோன்றுகிறது.

மூலனூரிலிருந்து தாராபுரம் போகும் சாலையில் ஒருவர் தம் பன்னிரண்டு ஏக்கரில் ஆறு ஏக்கரைச் சூரிய மின் நிலையத்துக்கு நீண்ட காலக் குத்தகைக்கு விட்டிருந்தார். பேத்தியின் படிப்புக் கடனை அடைக்க வேறு வழி இருக்கவில்லை என்றார். நான் போனபோது, அந்த ஆறு ஏக்கரின் கிளுவை வேலியை இயந்திரம் பிடுங்கிக் குவித்திருந்தது. அவர் குவியலில் உட்கார்ந்து, கட்டை விரல் கனமுள்ள கொம்புகளாகத் தேர்ந்து, இரண்டு முழ நீளத்துக்கு அரிவாளால் நறுக்கி, முடிச்சாகக் கட்டிக்கொண்டிருந்தார். கிளுவை கொம்பை நட்டாலே துளிர்க்கும். ஐப்பசி மழைக்கு முன்பாக, மிச்சமுள்ள ஆறு ஏக்கரின் திறந்து கிடக்கும் பக்கத்துக்குப் புது வேலி நட வேண்டும் என்றார். பேருந்து வரும்வரை நானும் கொம்புகளை எடுத்துக் கொடுத்தேன். எழுபது கொம்புகள் சேர்ந்திருந்தன, இன்னும் அத்தனை வேண்டுமாம்.